அழாத அக்கா, அழுத தம்பி

தூறல் எழுதியது:

இரண்டு வாரமாக இதை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். இன்று எப்படியும் அனுப்பிவிடுகிறேன்.

ஏழு வருடத் திருமணம். அடி உண்டு. அடி இல்லாத நாட்களில் அது எப்போது வரும் என்ற கணக்கு உண்டு. வெளியே வந்தபோது கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. தேதி, நேரம், என்ன நடந்தது, எங்கே வீங்கியது, எல்லாம் அதில் எழுதி வைத்திருந்தேன். புகார் கொடுக்கப் போன இடத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாகச் சொன்னேன். குரல் உடையவில்லை. உடையக் கூடாது என்று வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன். எதிரே இருந்தவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இவ்வளவு தெளிவாப் பேசுறீங்களேம்மா, உங்களை ஒருத்தர் அடிச்சு அடக்கி வைக்க முடியுமா?" என்றார். கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அவருக்கு அது பிடிபடவில்லை.

தம்பி கதை வேறு. அவன் மனைவி கை நீட்டுவாள். கையில் இருப்பதை எறிவாள். ஒருமுறை அவன் விரல் இடுக்கில் இருக்கும்போதே கதவை அறைந்து சாத்தினாள். நான்கு வருடம் வாய் திறக்கவில்லை. என் விஷயம் வெளியே வந்த பிறகுதான் அவனுக்குத் துணிச்சல் வந்தது. குடும்பத்தில் எல்லோரும் மதிக்கும் ஒரு பெரியவரிடம் போனான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டான். அவர் கேட்ட முதல் கேள்வி: "அவ உன் தோள் உயரம்கூட இல்லையேடா?" இரண்டாவது: "ஆம்பளை இப்படி உக்காந்து அழுதா அவ ஏன் அடிக்க மாட்டா?"

அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவன் கண்ணீரை நான் இரவல் வாங்கியிருக்க வேண்டும், என் நோட்டை அவன் எடுத்துப் போயிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் காரியம் நடந்திருக்கும்.

கேட்கிறவர்கள் நடந்ததை வைத்து நம்புகிறார்களா, சொல்கிறவர் முகத்தை வைத்து நம்புகிறார்களா?

*

கடைசிபெஞ்ச் எழுதியது:

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் எதிர்ப்பக்கம் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பூட்டிய வீட்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி கிடையாது. அப்போது கேட்பவர் வேறு எதைப் பார்ப்பார்? முகம், குரல், நடுக்கம் இவற்றைத்தானே? நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் பார்த்திருப்பேன் என்று தோன்றுகிறது.

*

சாம்பல்பூனை எழுதியது:

கடைசிபெஞ்ச், நேர்மையான கேள்வி. மனநல ஆலோசனை என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முகத்தைப் பார்ப்பது இயல்புதான். ஆனால் முகம் சொல்வது என்ன என்று நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஆன் பர்ஜஸ் என்ற செவிலியரும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியலாளரும் பாஸ்டன் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களை வந்த கையோடு சந்தித்துப் பேசி, 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் 92 பெண்கள் பற்றிய பகுதி முக்கியமானது. ஏறக்குறையப் பாதிப் பேர் அழுதார்கள், பதறினார்கள், சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். மீதிப் பாதி அமைதியாக, உணர்ச்சி வெளியே தெரியாமல், கட்டுப்பாடாக உட்கார்ந்திருந்தார்கள். நடந்தது இரு தரப்புக்கும் ஒன்றுதான். ஐம்பது வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் இது. இன்றைக்கும் "நிதானமாக இருந்தார்" என்பது ஒருவருக்கு எதிரான குறிப்பாகவே எழுதப்படுகிறது.

"ஏன் கத்தவில்லை, ஏன் தள்ளிவிடவில்லை" என்பதும் இதே ரகம். ஸ்டாக்ஹோமில் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கான அவசரச் சிகிச்சை மையம் ஒன்றுக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வந்தது. அவர்களில் 70 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் உடல் குறிப்பிடத்தக்க அளவில் உறைந்துபோயிருந்தது. கை கால் அசையாது, குரல் எழும்பாது. 48 சதவீதம் பேருக்கு அது உச்ச அளவில். இது அவர்களாக எடுத்த முடிவு கிடையாது. பூனை வாயில் மாட்டிய எலி திடீரென்று விறைத்துவிடுமே, அந்த வகை. இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது. அப்படி உறைந்துபோனவர்களுக்குத்தான் பின்னாளில் மனவடுக் கோளாறு (PTSD, நடந்த கொடுமை நினைவிலும் கனவிலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோய்) வரும் வாய்ப்பு கூடுதல். எதிர்க்கவில்லை என்று நாம் யாரைச் சந்தேகப்படுகிறோமோ, அவர்கள்தான் அதிகம் நொறுங்கியிருக்கிறார்கள்.

தூறல், உங்கள் நோட்டு எனக்கு நன்றாகப் புரிகிறது. ஏழு வருடம் முகத்தைக் காட்டாமல் இருந்துதான் நீங்கள் உயிர் பிழைத்திருப்பீர்கள். புகார் மேசைக்கு முன்னால் அது சட்டென்று மாறிவிடாது.

*

நூலகவாசி எழுதியது:

இதில் வரலாறு ரொம்பச் சுவாரசியம். சுவாரசியம் என்று சொல்லக் கூடாதுதான்.

உடம்பில் காரணம் பிடிபடாமல் வரும் நடுக்கம், வலிப்பு, பேச்சிழப்பு போன்றவற்றுக்கு அந்தக் காலத்தில் வைத்த பெயர் ஹிஸ்டீரியா. அந்தச் சொல்லே கிரேக்கத்தில் கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நோய்க்குப் பெயர் வைக்கும்போதே அது பெண்ணின் சொத்து என்று பட்டா எழுதியாகிவிட்டது. பாரிஸில் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் இருந்த ஷார்க்கோ என்ற நரம்பியல் மருத்துவர் 1880களில், விபத்தில் சிக்கிய தொழிலாளிகளையும் ரயில்வே ஆட்களையும் காட்டி, இது ஆண்களுக்கும் வரும் என்று வாதாடினார். கேட்டவர்கள் கேட்டார்கள், பெயர் ஒட்டியது ஒட்டியதுதான்.

அப்புறம் முதல் உலகப் போர். பதுங்குகுழியிலிருந்து வந்த சிப்பாய்கள் பேச்சு வராமல், நடக்க முடியாமல், நடுங்கிக்கொண்டு வருகிறார்கள். ஹிஸ்டீரியா என்று சொன்னால் வீரனைப் பெண்ணாக்கியது போல. 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் லான்செட் மருத்துவ இதழில் 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் எழுதினார். குண்டின் அதிர்ச்சி என்றால் மானம் போகாது பாருங்கள். அதிலும் ஒரு கூத்து: அதிகாரிகளுக்கு நரம்புத் தளர்ச்சி என்றும், சாதாரணச் சிப்பாய்க்கு ஹிஸ்டீரியா என்றும் எழுதும் வழக்கம் இருந்தது. பெண்ணுக்குரிய பெயரை ஆணுக்கு வைத்தே ஆக வேண்டுமென்றால், ஏழை ஆணுக்கு வைத்தார்கள். போரின்போது கோழைத்தனம், படையை விட்டு ஓடுதல் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டன் சுட்டுக்கொன்ற 306 சிப்பாய்களுக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கினார்கள். அவர்களில் எத்தனை பேர் நோயாளிகள் என்று இனிமேல் யார் சொல்ல முடியும்?

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் போராட்டம் ஒரு பக்கம், சாம்பல்பூனை சொன்ன பாஸ்டன் ஆய்வு மாதிரி வேலைகள் இன்னொரு பக்கம். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே நோய்ப்பெயர் ஏறியது, சாம்பல்பூனை சொன்ன அந்த மனவடுக் கோளாறு. வீட்டுக்குள் அடி வாங்கியவளும் போரில் குண்டு பார்த்தவனும் ஒரே கனவைக் கண்டு அலறி எழுகிறார்கள் என்பது காகிதத்தில் ஏற அவ்வளவு காலம் ஆனது. காகிதத்தில்தான் ஏறியது. தூறலின் அந்தப் பெரியவர் இன்னும் 1915க்கே வரவில்லை.

*

நேர்கோடு எழுதியது:

இழையைத் தொடங்கியவரின் தம்பி கதைதான் இங்கே முக்கியமானது, ஆனால் எல்லோரும் வழக்கம்போலப் பெண்கள் பக்கமே பேசுகிறீர்கள். ஆண் அடி வாங்கினால் சிரிப்பு, பெண் அடி வாங்கினால் சட்டம். இரண்டு பக்கமும் சமமாகத்தான் வன்முறை நடக்கிறது. பெண்களுக்கு எத்தனை அமைப்புகள், ஆண்களுக்கு ஒன்றாவது உண்டா?

*

தூறல் எழுதியது:

நேர்கோடு, என் தம்பியை எடுத்து என்மேலேயே எறியாதீர்கள். அவன் அழுதபோது பக்கத்தில் இருந்தது நான்.

*

நூலகவாசி எழுதியது:

நேர்கோடு சொல்வதில் பாதி உண்மை, பாதி இல்லை. பிரித்துப் பார்க்கலாம்.

சமம் என்பது உண்மை இல்லை. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் சேர்ந்து கொடுத்த கணக்கின்படி, 2023இல் உலகம் முழுக்கச் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் இணையர் அல்லது குடும்பத்தார் கையால் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்ட பெண்களில் அது 60 சதவீதம். கொலையானவர்களில் மொத்தத்தில் ஆண்கள்தான் மிகப் பெரும்பான்மை, 80 சதவீதம். ஆனால் அவர்களில் 12 சதவீதம் பேர்தான் வீட்டார் கையால் செத்தவர்கள். ஆணுக்கு ஆபத்து தெருவில், பெண்ணுக்கு வீட்டில்.

ஆண் அடிபட்டால் எண்ணவே மாட்டார்கள் என்பது மட்டும் உண்மை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. குற்றங்களை எண்ணப் பயன்படுத்திய, 1927இல் எழுதப்பட்ட வரையறையில், வன்புணர்வுக்கு ஆளாவது பெண் மட்டும்தான். 2012இல்தான் மாற்றம் அறிவித்தார்கள். இங்கிலாந்துச் சட்டத்தில் ஆண்மீது நடந்தாலும் அது வன்புணர்வுதான் என்று ஏறியது 1994இல். அதுவரை நடந்தவை வேறு பெயரில் எங்கோ போய் விழுந்தன. ஆண் பாதிக்கப்பட மாட்டான் என்று முடிவு செய்துவிட்டு, பிறகு கணக்கைக் காட்டி "பார், ஆண் யாருமே இல்லை" என்பது எப்படி இருக்கிறது?

அந்த வரையறையை எழுதியது ஒரு காவல்துறைத் தலைவர்கள் குழு. பெண்கள் அமைப்பு எழுதவில்லை. கோபத்தை விலாசம் பார்த்து அனுப்புங்கள் சகோ.

*

வாய்தா எழுதியது:

வக்கீல் என்பதால் ஒரு வழக்கு. இங்கிலாந்தில் கொலையைச் சிறிய குற்றமாகக் குறைக்க 'ஆத்திரமூட்டல்' என்றொரு வாதம் இருந்தது. 1949இல் டஃபி வழக்கில் அதற்கு இலக்கணம் வகுத்தார்கள்: திடீரென்று, தற்காலிகமாக நிதானம் இழந்திருக்க வேண்டும். இது யாருடைய கோபம் என்று பாருங்கள். கைகலப்பில் இறங்கும் இரண்டு ஆண்களின் கோபம். தன்னைவிடப் பலசாலியிடம் வருடக்கணக்கில் அடி வாங்குகிறவளுக்கு அந்த நொடியில் திருப்பி அடித்தால் உயிர் போகும். அவள் கோபம் அடுப்புச் சாம்பலுக்குள் கிடக்கும் கங்கு மாதிரி.

கிரண்ஜித் அலுவாலியா பத்து வருட வன்முறைக்குப் பிறகு 1989இல் கணவன் தூங்கும்போது தீ வைத்தார். தூங்கும்வரை காத்திருந்தார், ஆகவே திட்டமிட்ட கொலை, ஆயுள் தண்டனை. 1992இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. அப்போதும்கூட 'ஆத்திரமூட்டல்' வாதம் எடுபடவில்லை, மனநிலை பாதிப்பு என்ற கதவு வழியாகத்தான் வெளியே வர முடிந்தது. கவனியுங்கள், பெண்ணுக்குக் கோபம் வரலாம் என்று ஒப்புக்கொள்வதைவிட அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்பது சுலபமாக இருந்திருக்கிறது. 'திடீரென்று' என்ற நிபந்தனையை 2009 சட்டம்தான் எடுத்தது.

கொலை சரியா என்ற விவாதம் வேண்டாம், அதற்குத் தனி இழை போடுங்கள்.

*

பெயர்வேண்டாம் எழுதியது:

இந்தத் தளத்தில் என் முதல் பதிவு.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு முப்பதுக்கு மேல். எட்டு மாதம். அதற்கு மேல் விவரம் எழுத மாட்டேன்.

இருபத்தோரு வயதில் நண்பர்களிடம் முதல்முறை சொன்னேன். எப்படியெல்லாமோ யோசித்து வைத்திருந்தேன், இதை எதிர்பார்க்கவில்லை: ஒருவன் கை தட்டினான். "டேய், யோகக்காரன்டா நீ." மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் ஏழெட்டு வருடம் அதை நானே யோகக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். குடித்தால் சொல்வேன். சொல்லிவிட்டுப் போய் வாந்தி எடுப்பேன். குடியால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண் குழந்தையையும் ஒரு முப்பது வயது ஆணையும் வைத்து இதே கதையைச் சொன்னால் கை தட்டுவார்களா?

*

வெயில்மரம் எழுதியது:

உங்களை நம்புகிறேன். கை தட்ட மாட்டார்கள். ஆனால் அந்தச் சிறுமியிடம் "நீ என்ன உடுத்தியிருந்தாய்" என்று கேட்பார்கள்.

*

மட்டுறுத்துனர்:

மேலே பெயர்வேண்டாம் அவர்களுக்கு எதிராக வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். "உடம்பு ஒத்துழைக்காமல் எட்டு மாதம் எப்படி" என்ற மாதிரிக் கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. எழுதியவருக்கு முதல் எச்சரிக்கை.

*

சாம்பல்பூனை எழுதியது:

நீக்கியது சரி. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கட்டும். பெயர்வேண்டாம் அதை ஏற்கெனவே தன்னிடமே ஆயிரம் முறை கேட்டிருப்பார்.

கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வரும். மூட்டுகிறவரை நமக்குப் பிடிக்குமா என்று உடம்பு விசாரித்துவிட்டுச் சிரிப்பதில்லை. தொடுதலுக்கு உடல் எதிர்வினை காட்டுவதும் அப்படித்தான், பயத்திலும் அருவருப்பிலும்கூட அது நடக்கும். ஆணுக்கும் நடக்கும், பெண்ணுக்கும் நடக்கும். அதைச் சம்மதம் என்று படிப்பது தப்பு. பதின்மூன்று வயதில் சம்மதம் என்ற பேச்சே கிடையாது.

1990களில் அமெரிக்காவில் நடந்த பெரிய தேசிய ஆய்வு ஒன்றில், வாழ்நாளில் மனவடுக் கோளாறு வந்தவர்கள் ஆண்களில் 5 சதவீதம், பெண்களில் 10.4 சதவீதம். இதைக் காட்டி "பெண்கள் மனம் மென்மையானது" என்று முடிக்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் அதே ஆய்வில் வன்புணர்வை மட்டும் தனியாக எடுத்தால் கணக்கு தலைகீழ்: தங்களுக்கு நடந்ததிலேயே மிகக் கொடியது அதுதான் என்று சொன்ன பெண்களில் 45.9 சதவீதம் பேருக்குக் கோளாறு, ஆண்களில் 65 சதவீதம் பேருக்கு. அந்த ஆண்களின் எண்ணிக்கை சிறியது, அதனால் தசமப் புள்ளியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் "ஆணுக்கு அது ஒட்டாது" என்று சொல்ல இதற்கப்புறம் வழியில்லை. ஒட்டும். சொல்ல இடம் இல்லாவிட்டால் இன்னும் ஆழமாக ஒட்டும் என்பது என் அனுபவம், ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை.

*

இடைவெளி எழுதியது:

நான் திருநங்கை. நீங்கள் எல்லோரும் "பெண் என்றால் இப்படி நடிக்க வேண்டும், ஆண் என்றால் அப்படி" என்று பேசுகிறீர்கள். உங்களுக்காவது ஒரு வேஷம் எழுதி வைத்திருக்கிறார்கள், பொருந்தாவிட்டாலும். எனக்கு நடந்ததைச் சொல்லப் போனபோது முதல் அரை மணி நேரம் நான் யார், என்ன, எப்போதிலிருந்து என்றுதான் விசாரணை. நடந்ததைச் சொல்லும் முறை வரும்போது எனக்குச் சொல்லவே தோன்றவில்லை. அழுதால் "நடிக்கிறது" என்பார்கள், கத்தினால் "இவங்க இப்படித்தான்" என்பார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

*

நேர்கோடு எழுதியது:

பெயர்வேண்டாம் எழுதியதைப் படித்தேன். நான் முன்னால் எழுதியதில் அந்தச் 'சமம்' என்பதைத் திரும்பப் பெறுகிறேன். மற்றதை இல்லை. தூறல், உங்கள் தம்பியை அப்படி இழுத்திருக்கக் கூடாது.

*

கடைசிபெஞ்ச் எழுதியது:

எனக்கு ஒரு உதவி வேண்டும். போன மாதம் ஒரு நண்பன் ஒரு விஷயம் சொன்னான். பழைய விஷயம், சின்ன வயதில் நடந்தது. நான் பதறிப்போய் "ஏன்டா அப்பவே சொல்லல?" என்று கேட்டுவிட்டேன். அவன் "விடு, சும்மா சொன்னேன்" என்று பேச்சை மாற்றிவிட்டான். கேட்டது அக்கறையில்தான். இந்த இழையைப் படித்த பிறகு அது எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்று புரிகிறது. இப்போது என்ன செய்வது? திரும்பப் போய்ப் பேசினால் தோண்டுவது மாதிரி ஆகிவிடாதா?

*

சாம்பல்பூனை எழுதியது:

தோண்ட வேண்டாம். "அன்னைக்கு நீ சொன்னதை நான் சரியாக் கேட்கல. நம்புறேன். எப்ப வேணும்னாலும் சொல்லு, சொல்லலேன்னாலும் பரவாயில்ல." இவ்வளவு போதும். முகத்துக்கு நேராகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதி அனுப்புங்கள், ஆண்களுக்கு நடுவில் சில சமயம் அதுதான் சுலபம். பதில் வராவிட்டால் இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். வழக்கம்போலப் பழகுங்கள். அவன் கவனித்துக்கொண்டுதான் இருப்பான்.

"அவனை என்ன பண்றேன் பார்" என்று கிளம்புவது வேண்டவே வேண்டாம். ஆண் நண்பர்கள் நிறையப் பேர் அப்படித்தான் ஆறுதல் சொல்கிறார்கள். அப்புறம் சொன்னவரே இவர்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும்.

*

பெயர்வேண்டாம் எழுதியது:

கடைசிபெஞ்ச், அனுப்புங்கள். என் நண்பர்களில் ஒருவன் பத்து வருடம் கழித்து அப்படி ஒன்று அனுப்பினான். நான் பதில் போடவில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை.

*

தூறல் எழுதியது:

தம்பி முழு இழையையும் படித்தான். நேர்கோடுக்குப் பதில் எழுதப்போகிறேன் என்றான், கடைசிப் பதிவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றான். "ஷெல் ஷாக் கதை நல்லா இருக்கு, அதைப் பெரியவருக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டான். அனுப்பவில்லை. இப்போது தனியாக இருக்கிறான், விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை.

என் புகாரின் நகல் கைக்கு வந்தது. சாம்பல்பூனை சொன்னது அப்படியே இருக்கிறது: "மனுதாரர் பதற்றமின்றி, நிதானமாகக் காணப்பட்டார்." மூன்றாவது பக்கம், கடைசி வரி. மறுபடி போனேன். அந்த வரியை எடுக்கச் சொன்னேன். எடுக்க முடியாது என்றார்கள். சரி, அதற்குக் கீழே ஒரு வரி சேருங்கள் என்றேன். ஏன், என்ன வரி என்று கேட்டார்கள். நோட்டைத் திறந்து காட்டி, "இதைப் பார்த்துப் படித்ததால்" என்று எழுதச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார் அவர். பிறகு எழுதினார். கையெழுத்துப் போடும்போது எனக்குக் கை நடுங்கியது, அதை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.